மும்பை மாநாட்டில் ஒரு மன்னார்குடித் தவில்

கடந்த தை மாதத்தில் ஒரு விளம்பரப் பட நிறுவனத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே காசு போட்டு ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட ஒரு பாடலின் முதல் நாற்பது விநாடிகளை ஒரு பட்டுச்சேலைக் கடையின் விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்புவதாகச் சொன்னார்கள். அந்த நாற்பது விநாடியில் என் குரல் இல்லை. தவில் தனியாகத் தொடங்க, சற்று நேரம் கழித்து என் கிட்டார் அதன்மேல் மெல்ல வந்து சேரும் பகுதி அது. தொகை பேசி முடிந்த பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. மெட்டுக்கு உரியவர் யார், வரிகளுக்கு உரியவர் யார், ஒலிப்பதிவுக்கு உரியவர் யார், ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலமான ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு நாளுக்குள் பதில் தரும்படி எழுதியிருந்தார்கள்.

என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. வரிகள் எழுதிய தோழி வெளிநாட்டில் இருந்தாள். எங்களுக்குள் வாய்ப்பேச்சைத் தவிர வேறு உடன்பாடு இருந்ததில்லை. தவில் வாசித்த ஐயா தைப்பூசக் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்துபவர் தனக்கும் பாடலில் பங்கு உண்டு என்று அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னார். இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. அவர்கள் வேறொரு பாடலை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இழப்புதான் என்னை மும்பைக்குப் போக வைத்தது. அங்கே 2017 தொடங்கி நடந்துவரும் 'ஆல் அபவுட் மியூசிக்' மாநாட்டைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தேன். இசை வெளியீட்டு நிறுவனத்தார், ஸ்ட்ரீமிங் தளங்களில் பணியாற்றுபவர்கள், நிகழ்ச்சி அமைப்பாளர்கள், காப்புரிமை வழக்கறிஞர்கள், கலைஞர்களின் மேலாளர்கள் என, ஒரு பாட்டுக்கும் அதைக் கேட்பவருக்கும் இடையில் நிற்கும் அத்தனை பேரும் கூடும் இடம் அது. பிரான்சின் கான் நகரில் 1967இல் தொடங்கிய மிடெம், 1994இல் பெர்லினில் தொடங்கிய வோமெக்ஸ் போன்றவை உலகளவில் இவ்வகைக் கூடுகைகளுக்கு முன்னோடிகள். அங்கெல்லாம் போகும் வசதி எனக்கு இல்லை. மும்பை ரயில் தூரத்தில் இருக்கிறது. தாம்பரத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்து வாழ்பவள் நான். நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தபோது மூன்று மாத வகுப்புக் கட்டணம் அதில் போய்விடும் என்று தெரிந்தது. தெரிந்தேதான் போனேன்.

முதல் நாள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, யார் பேசினாலும் பேசி, யார் நின்றாலும் நின்று, மாலைக்குள் முப்பது முகவரி அட்டைகளைச் சேர்த்துவிட்டேன். இரவு விடுதி அறையில் அவற்றைக் கட்டிலின் மேல் பரப்பிப் பார்த்தபோது பாதிப் பேரின் முகம் நினைவுக்கு வரவில்லை. யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொருவரிடமும் நான்கைந்து நிமிடம்தான் இருக்கிறது. அந்த இரைச்சலில் நின்றுகொண்டு யாரும் உங்கள் பாட்டைக் காதில் மாட்டிக் கேட்கப்போவதில்லை. தன் பாட்டை யாராவது கேட்டுவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வருகிற, படங்களுக்கு வெளியே தானே பாடல் செய்து வெளியிடும் தனியிசைக் கலைஞர் அங்கிருந்து மனம் கசந்துதான் திரும்புவார். அவர்களுக்கு இசைமேல் அன்பில்லை என்பது இதற்குக் காரணமல்ல. பாட்டைக் கேட்கும் வேலையை அவர்கள் வேறு இடத்தில், வேறு நேரத்தில் செய்கிறார்கள். இது முதல் நாளே புரிந்தது எனக்கு நல்லதாயிற்று.

இரண்டாம் நாள் காலையில் நிகழ்ச்சி நிரலை எடுத்து, உரிமை, பணம் என்ற இரண்டு சொற்கள் தொடர்பான அமர்வுகளை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிட்டேன். ஸ்ட்ரீமிங் பற்றிய அமர்வில் கேட்டவற்றில் பெரும்பாலானவை வீட்டிலிருந்தே படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. ஸ்பாட்டிஃபையில் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாடலைப் பரிந்துரைக்க வேண்டுமானால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு அந்தத் தளம் ஒலிப்பதிவுக்கான பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பாடல்களில் இரண்டு அந்த எல்லைக்கு மேலே இருக்கின்றன, ஐந்து கீழே இருக்கின்றன. அந்த ஐந்தும் எனக்குப் பிடித்த ஐந்து. அதைப் பற்றி வருந்திக்கொண்டிருக்க அன்று நேரமில்லை.

அடுத்த அமர்வில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் பேசிய வழக்கறிஞர் 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்கினார். மெட்டமைப்பவர்களுக்கும் வரி எழுதுபவர்களுக்கும் சேர வேண்டிய ராயல்டியைத் திரட்டித் தரும், ஐ.பி.ஆர்.எஸ். என்று நாம் சொல்லும் இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி 1969இல் தொடங்கப்பட்டது. அந்த அமைப்புக்கும் கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர்களின் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு அது. ஒரு படத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு மெட்டமைக்கும் இசையமைப்பாளருக்கும் வரி எழுதும் கவிஞருக்கும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அந்தப் படைப்பின் மீது உரிமை நிற்காது, அது தயாரிப்பாளரைச் சேரும் என்று தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடகருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பாடகர், வாத்தியக்காரர் முதலியோருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று சட்டத்துக்குள் வர 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெட்டுக்கும் வரிக்கும் உரியவர்கள் தங்கள் ராயல்டி பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது, தம் வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தர முடியும் என்ற பாதுகாப்பு 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில் தமிழில் எத்தனை ஆயிரம் பாடல்கள் வந்திருக்கும், அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் கடைசிக் காலத்தில் மருந்துக்குக் காசில்லாமல் இருந்திருப்பார்கள் என்று எண்ணியபோது மனம் கனத்தது. நமக்கு இன்று கையில் கிடைத்திருக்கும் உரிமை அவர்கள் பட்ட பாட்டின் மேல் நிற்கிறது. அதைப் பதிவு செய்துகொள்ள ஒரு படிவத்தை நிரப்பக்கூட நான் மூன்று ஆண்டுகளாக நேரம் ஒதுக்கவில்லை.

அமர்வு முடிந்து தேநீர் வரிசையில் நின்றபோது, என் அடையாள அட்டையில் சென்னை என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஓர் அம்மாள் தமிழில் பேச்சுக் கொடுத்தார். மும்பையின் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர். இசைக் காப்புரிமைத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளம்பரம் கைநழுவிய கதையைச் சொன்னேன். பாட்டின் பெயரைக் கேட்டு, தன் கைபேசியில் தேடி எடுத்தார். பாட்டைக் கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் மூன்று புள்ளிகளைத் தொட்டு, பாடலின் விவரப் பகுதியைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். பாடியவர் என்ற இடத்தில் என் பெயர். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். தயாரித்தவர் என்ற இடத்திலும் என் பெயர். பாடலை வெளியிட்ட அன்று நள்ளிரவில், கெடு முடிவதற்குள் விநியோகத் தளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற பரபரப்பில், கேட்ட கட்டங்களில் எல்லாம் என் பெயரையே தட்டச்சு செய்திருக்கிறேன். வரி எழுதிய தோழியின் பெயர் அட்டைப்படத்தில் இருந்தது. தவில் ஐயாவின் பெயர் எங்குமே இல்லை.

"ஆரம்பத்துல வர்ற தவில், நீ சொல்லிக்குடுத்து அவர் வாசிச்சதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லைம்மா. அது அவராப் போட்டது."

"அப்ப அந்த எடத்துல உன் பேர் மட்டும் எப்படி இருக்கு?"

அவர் குரலில் கடுமை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை.

அந்த ஒலிப்பதிவு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெட்டை நான் நான்கு நான்காக எண்ணும் நான்கெழுத்து நடையில் அமைத்து எடுத்துப் போயிருந்தேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்திறங்கிய ஐயா, காபி குடித்துக்கொண்டே அதை இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கும்போது கண்ணை மூடித் தொடையில் தட்டிப் பார்த்தார். "இந்த வரியில மூச்சு விட எடமே இல்லையேம்மா, ஏழுல வச்சுப் பாருங்களேன்" என்றார். பிறகு வலக்கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, இடக்கையில் கழியை எடுத்து, தகிட தகதிமி என்று ஏழெழுத்தில் ஒரு தொடரை வாசித்தார். இரண்டாம் ஆவர்த்தத்தில், அதாவது தாளம் ஒரு சுற்று முடிந்து மறுபடி வந்தபோது, அதையே சற்றுத் திருப்பிப் போட்டார். அந்தத் திருப்பத்தில்தான் என் மெட்டின் இரண்டாவது வரி பிறந்தது. அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து பாட்டை ஏழெழுத்துக்கு மாற்றி அமைத்தேன். ஐயாவுக்குப் பேசியபடி ஆறாயிரம் ரூபாயும் பேருந்துச் செலவும் கொடுத்தேன். கணக்கு முடிந்தது என்றே மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

அன்று பிற்பகல் அந்த அம்மாள் எனக்குக் காட்டிய சட்டப்பிரிவை இங்கே எழுதுவது கடமை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில், அச்சிட்டோ எழுதியோ ஏதேனும் ஒரு வரைவடிவில் பதிந்த இசை மட்டுமே இசைப்படைப்பு என்று முதலில் வரையறுக்கப்பட்டிருந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. இசையை அமைப்பவர் யாரோ அவரே இசையமைப்பாளர், அதை அவர் சுரக்குறிப்பாகவோ வேறு வரிவடிவிலோ எழுதிவைத்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று இப்போதைய பிரிவு 2 சொல்கிறது. வாய்மொழியாகவும் கைவழியாகவும் இசை வளர்ந்த நம் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை என்று நினைக்கிறேன். தவிலையும் பறையையும் நாகசுரத்தையும் தம் பாடல்களில் சேர்க்கும் நாங்கள் அத்தனை பேரும் அதைப் படித்திருக்க வேண்டும்.

ஒலிப்பதிவில் வாசிக்கும் ஒவ்வொருவரும் இசையமைப்பாளர் ஆகிவிடுவார் என்று இதற்குப் பொருளில்லை. நான் எழுதிக்கொடுத்ததை ஒருவர் வாசித்தால் அவர் நிகழ்த்துநர். அவருக்கான உரிமை வேறு, அதுவும் சட்டத்தில் இருக்கிறது. அவர் வாசித்ததை எடுத்துவிட்டால் பாட்டு அதே பாட்டாக இருக்குமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதுதான் இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல். ஐயாவின் ஏழெழுத்தை எடுத்துவிட்டால் என் கையில் மிஞ்சுவது வேறொரு பாட்டு. விளம்பரக்காரர்கள் விரும்பிக் கேட்ட நாற்பது விநாடியோ பெரும்பாலும் அவருடையது. அன்று பணம் வந்திருந்தால் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டு, அது நியாயம் என்றும் நம்பியிருப்பேன். இப்போது நினைத்தால் அந்த வாய்ப்பு தவறிப்போனதுகூட ஒரு விதத்தில் நல்லதுதான்.

பணம் வரும் வழியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போன்ற பலர் இதில்தான் குழம்புகிறோம். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று ஒலிப்பதிவு, மற்றொன்று மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு. ஒலிப்பதிவுக்கான பணம் நாம் பாடலை ஏற்றிய விநியோகஸ்தர் வழியாக வருகிறது. மெட்டுக்கும் வரிக்குமான ராயல்டியைத் திரட்டித் தருவது ஐ.பி.ஆர்.எஸ். போன்ற காப்புரிமைச் சங்கத்தின் வேலை. அதில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவு செய்யாதவரைத் தேடிக்கொண்டு அந்தப் பணம் வராது. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் சேர்ந்து 12 இடங்கள் கொண்ட குறியீடு, படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற தனிக் குறியீடு. இரண்டையும் இணைப்பது நாம் நிரப்பும் விவரங்கள்தாம். ஒரு தளத்தில் முன்னெழுத்தோடும் இன்னொன்றில் முன்னெழுத்து இல்லாமலும், ஓரிடத்தில் மேடைப் பெயரும் வேறிடத்தில் வீட்டுப் பெயருமாகக் கொடுத்திருந்தால், கணினிக்கு அவர்கள் வெவ்வேறு ஆட்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் வந்துவிடுகின்றன; இந்தத் துன்பம் நமக்குக் கூடுதலாக இருக்கிறது.

இன்னொன்றும் மனத்தில் தைத்தது. இத்துறையில் தமிழ், மலையாளம், பஞ்சாபி எல்லாவற்றையும் 'ரீஜனல்' என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பேசுவது நெடுநாள் வழக்கம். கோடிக்கணக்கானோர் பேசும், பண்ணும் சந்தமும் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாட்டோடு கலந்து வந்த ஒரு மொழியை அந்தச் சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஊரில் எங்களிடம் "எந்தப் படத்துல வந்த பாட்டு?" என்று கேட்கிறார்கள், படத்தில் வராத பாட்டு என்றால் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆகிறது. அங்கே போனால் வட்டார இசை என்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் நின்றுதான் தமிழில் தனியிசை செய்கிறவர்கள் வேலை பார்க்கிறோம். இதை ஒரு கேள்வி நேரத்தில் எழுந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். முடிந்ததும் கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு பாடகரும் ஷில்லாங்கிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞரும் என்னைத் தேடிவந்து கையைப் பற்றிக்கொண்டார்கள். சேர்த்த முப்பது அட்டைகளில் இன்றுவரை தொடர்பில் இருப்பவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் கையைப் பற்றிய அந்தப் பாடகரோடும் இளைஞரோடும் வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் முதலில் வெளிநாட்டுத் தோழியை அழைத்தேன். வரிகளுக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம். அவள் அதற்கு முன்பே சம்மதமாகத்தான் இருந்திருக்கிறாள், கேட்காமல் இருந்தது நான்தான். ஒலிப்பதிவுக்கூடத்துக்காரரிடம் பழைய ரசீதைக் காட்டி, முழுத் தொகையும் கொடுத்து முடித்த வேலைக்கு மேல் பங்கு வராது என்பதைப் பொறுமையாகப் பேசினேன். ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். மெட்டின் பாதியை எனக்கும் ஐயாவுக்கும் சமமாகப் பிரிப்பது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறிக்கும் பங்குத்தாளை இரண்டு படிகள் அச்செடுத்து மன்னார்குடிக்குப் போனேன்.

ஐயாவின் வீட்டுத் திண்ணையில் தவில் வார் இறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் சொன்னதையெல்லாம் வேலையை நிறுத்தாமல் கேட்டார். காசு வருமா என்று அவர் கேட்கவில்லை. வந்தாலும் ஆரம்பத்தில் சிறிய தொகைதான் வரும் என்று நானே சொன்னேன். விளம்பரத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். தாளை வாங்கித் தன் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இசையமைத்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் தன் பெயரை அவள் படித்தபோது கை நின்றது.

"அந்த ஏழு, எங்கப்பா வாசிக்கிறதும்மா. நான் திருப்பிப் போட்டது மட்டுந்தான் என்னுது. அவர் பேரப் போட இதுல எடம் இருக்கா?"

தாளில் அப்படி ஓர் இடம் இல்லை. மறைந்து போனவரின் கைவழியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மூன்று நாள் மாநாட்டில் யாரும் பேசவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றியிருக்கவில்லை. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, அவரே பேத்தியிடமிருந்து தாளை வாங்கித் தன் பெயரைத் தேடினார். நான் முன்னெழுத்து இல்லாமல் அச்சடித்திருந்தேன்.

"இனிஷியல விட்டுட்டீங்க பாருங்க. அத முன்னால போடுங்க. அப்பா அதுல வந்துருவாரு."

பேனாவை எடுத்து, இரண்டு படிகளிலும் அவர் பெயருக்கு முன் அந்த ஓரெழுத்தைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று அவரையே கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.